பொய் விலங்கு, மெய்க் காற்று

சீனாவில் சென் ரோங் என்றோர் ஓவியர் இருந்தார். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், டிராகன் வரைவதில் பேர் பெற்றவர். 1244ஆம் ஆண்டு அவர் வரைந்த ‘ஒன்பது டிராகன்கள்’ என்ற நெடுஞ்சுருள் இன்று அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 10 மீட்டர் நீளம். மையும் தாளும்தான் மூலதனம். ஆங்காங்கே மெல்லிய செம்பூச்சு. சுருளைப் பார்த்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் தலை தெரியும், உடம்பு மேகத்துக்குள் போய்விடும். இன்னோரிடத்தில் நகங்கள் பாறையைப் பற்றியிருக்கும், வால் எங்கே என்று தேட வேண்டும். தாளில் பெரும்பங்கை எடுத்துக்கொள்பவை மேகமும் மூடுபனியும் நீரலையும்தான்.

இன்று சினிமாவுக்கும் கேம்களுக்கும் படம் வரைகிறவர்கள் டேப்லெட்டில் செய்வதும் இதே வேலைதான். இல்லாத விலங்கை வரைகிறார்கள். அதை நம்ப வைக்க, இருக்கிற காற்றை வரைகிறார்கள். டிராகனை நேரில் பார்த்தவர் யாருமில்லை என்பதால் அதன் உருவத்தில் தப்புக் கண்டுபிடிக்க யாருக்கும் வழியில்லை. மூடுபனியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது பிசகினால், எங்கே பிசகு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், படம் ஒட்டவில்லை என்று நம் கண் சொல்லிவிடும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். நீலகிரியின் சோலைக்காட்டு ஓரம், விடியற்காலை. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு யாளி வெளியே வருகிறது. கோயில் தூண்களில் பார்த்துப் பழகிய அதே யாளிதான்: சிங்க உடல், யானைத் துதிக்கை, பிதுங்கிய கண்கள். இதை டிஜிட்டலாக வரைய வேண்டுமானால், கையோடு கொஞ்சம் இயற்பியலும் பழகியிருக்க வேண்டும்.

காற்றுக்கும் நிறம் உண்டு

காற்றுக்கு நிறமில்லை என்று பள்ளியில் படித்தோம். ஓர் அறையளவுக்கு அது சரி. பத்துக் கிலோமீட்டருக்குச் சரிவராது. சூரிய ஒளி காற்றின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது எல்லா நிறங்களும் ஒரே அளவில் சிதறுவதில்லை. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கடுமையாகக் கூடும். அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு அது எதிர்விகிதத்தில் இருக்கிறது என்று 1871இல் கணக்குப் போட்டுக் காட்டியவர், பின்னாளில் ராலே பிரபு என்று அறியப்பட்ட ஜான் வில்லியம் ஸ்ட்ரட். அவர் கணக்கின்படி 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நாலு மடங்குக்கும் மேலாகச் சிதறுகிறது. வானம் நீலமாக இருப்பது அதனால்தான்.

தூரத்து மலை நீலமாகத் தெரிவதற்கும் அதுவே காரணம். அந்த நீலம் மலையில் இல்லை. நமக்கும் மலைக்கும் நடுவிலுள்ள காற்று வெயிலை வாங்கி நம் பக்கம் சிதறடிக்கிறது. அந்த ஒளி மலையின் கருமைமேல் கூடுதலாக வந்து உட்காருகிறது. ஆகவே தூரத்தில் முதலில் கெடுவது கருமைதான். மரத்தடி இருட்டு, பாறையிடுக்கு நிழல் எல்லாம் வெளிறி நீலமாகும். தூரத்து வெண்மேகத்தின் கதை வேறு. அதிலிருந்து வரும் ஒளி வழியிலேயே நீலத்தைக் கொஞ்சம் இழந்துவிடுவதால் அது லேசாக மஞ்சளடிக்கும். தூரம் என்றால் எல்லாவற்றிலும் நீலம் பூசு என்று கற்றுக்கொண்ட கை இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

காற்றே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 பயணத்தில் நிலவில் இறங்கிய ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செல்லும் ‘கோன்’ என்ற பள்ளத்தின் விளிம்பைத் தேடி நடந்தார்கள். மேடு பள்ளமான தரை. கிட்ட இருப்பதும் எட்ட இருப்பதும் ஒரே கூர்மையில் தெரிந்தன. எது எவ்வளவு தூரம் என்று கணிக்க முடியாமல் திரும்ப வேண்டியதாயிற்று. விளிம்புக்குச் சுமார் 30 மீட்டர் வரை அவர்கள் போயிருந்தார்கள் என்பது பிற்காலப் படங்களை வைத்துத் தெரிந்துகொண்டது. நாம் அன்றாடம் தூரத்தை அளக்கக் காற்றின் மங்கலை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பது அது இல்லாத இடத்தில்தான் புரிகிறது.

மூடுபனி ஏன் வெள்ளை?

சோலைக்காட்டு மூடுபனி நீலமாக இருக்காது. அதிலுள்ள நீர்த்துளிகள் ஏறத்தாழ 10 மைக்ரான் குறுக்களவு கொண்டவை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நம் கண்ணுக்குச் சின்னது, ஆனால் ஒளியின் அலைநீளத்தைப்போல இருபது மடங்கு பெரிது. இந்த அளவுள்ள துளிகளுக்கு நீலம், சிவப்பு என்ற பாகுபாடு கிடையாது. எல்லாவற்றையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிக்கும். ஜெர்மனியின் குஸ்தாவ் மீ 1908இல் இதற்கான முழுக் கணக்கையும் எழுதினார்.

ஆகவே மூடுபனிக்குச் சொந்த நிறம் இல்லை. வானத்தின் நிறமே அதன் நிறம். மேகம் மூடிய காலையில் சாம்பல். வெயில் எட்டிப்பார்த்தால் வெளிர்மஞ்சள். சூரியன் உதிக்கும் முன் நீலச்சாம்பல். நல்ல ஓவியர் யாளியைத் தொடுவதற்கு முன் இந்த ஒரு நிறத்தைத்தான் முடிவு செய்வார். மற்ற எல்லா நிறமும் இதை நோக்கியே கரையப்போகின்றன.

இன்னொரு குணமும் உண்டு. பனித்துளிகள் தம்மேல் விழும் ஒளியில் பெரும்பங்கை முன்னோக்கியே தள்ளும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் மூடுபனி மந்தமாகத் தெரியும்; சூரியனைப் பார்த்து நின்றால் ஜொலிக்கும். மாய விலங்குகளின் படங்களில் பெரும்பாலும் ஒளி விலங்குக்குப் பின்னாலிருந்து வருவதற்கு அழகு மட்டும் காரணமில்லை. அந்தக் கோணத்தில்தான் மூடுபனி அதிகம் ஒளிரும், விலங்கு இருண்ட வடிவமாக எடுப்பாக நிற்கும், பிடரிமயிரின் ஓரம் பளீரென்று கோடு கட்டும்.

லியனார்டோவின் கணக்கும் லேயரின் கணக்கும்

கட்டடம் ஐந்து மடங்கு தூரத்தில் இருப்பதாகக் காட்ட வேண்டுமானால் ஐந்து மடங்கு நீலமாக்கு என்று லியனார்டோ தா வின்சி தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். நோக்கு சரி, கணக்குதான் சற்று விலகியிருந்தது. காற்றும் மூடுபனியும் தூரத்தைக் கூட்டல் கணக்கில் மறைப்பதில்லை, பெருக்கல் கணக்கில் மறைக்கின்றன. ஒவ்வொரு 100 மீட்டரும் கான்ட்ராஸ்டைப் பாதியாக்கும் மூடுபனி என்றால், 200 மீட்டரில் கால்பங்கு மிஞ்சும், 300 மீட்டரில் அரைக்கால், 400 மீட்டரில் வீசம். ஹரால்ட் கோஷ்மீடர் என்ற ஜெர்மானிய வானிலையாளர் 1924இல் இதை விதியாக எழுதினார். விமானத்தளங்களில் ஓடுபாதை எவ்வளவு தூரம் தெரியும் என்று கணிக்க இன்றும் அந்த விதி பயன்படுகிறது.

இனி ஆச்சரியத்துக்கு வருவோம். டிஜிட்டல் ஓவியத்தில் படத்தை லேயர் லேயராக வரைவார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எண்ணெய்த்தாள்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு லேயருக்கும் எவ்வளவு மறைக்க வேண்டும் என்று விழுக்காடு வைக்கலாம். இதற்கு அடிப்படையான ‘ஆல்ஃபா’ என்ற யோசனையை 1977இல் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் உண்டாக்கினார்கள். தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் அதற்கு முறையான கணிதம் கொடுத்தார்கள். 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்புக்கு 1994இல் லேயர் வசதி சேர்ந்தது. படங்களை ஒட்டிச் சேர்க்கும் வேலைக்காக எழுதப்பட்ட கணிதம் அது. மூடுபனியை யாரும் மனத்தில் வைத்து எழுதவில்லை.

அந்தக் கணக்கை எண்களில் பார்க்கலாம். திரையில் முழு இருட்டு 0, முழு வெளிச்சம் 255. ஈரமான மரத்தடி 20 என்ற கருமையில் இருக்கிறது. அதன்மேல் படர்ந்த வெண்பாசி 240. மூடுபனிக்கு 180 என்ற சாம்பலைத் தேர்ந்து, 50 விழுக்காடு மறைக்கும் லேயராக மேலே போடுகிறோம். மரத்தடி 20-இல் பாதியும் 180-இல் பாதியும் சேர்ந்து 100 ஆகும். பாசி 210 ஆகும். கருமை 80 புள்ளி ஏறியது, வெண்மை 30 புள்ளிதான் இறங்கியது. இன்னொரு லேயர் போட்டால் 140, 195. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி 220-இலிருந்து 110, பிறகு 55. ஒவ்வொரு லேயருக்கும் பாதி.

பொருளின் ஒளியில் ஒரு பங்கு, பனியின் ஒளியில் மீதிப் பங்கு, இரண்டையும் கூட்டு: கோஷ்மீடரின் சமன்பாடும் இதுவே, ஆல்ஃபாவின் சமன்பாடும் இதுவே. திரையின் எண்கள் ஒளியின் நேரடி அளவுகள் அல்ல, கண்ணின் போக்குக்கேற்ப வளைத்து எழுதப்பட்டவை. அதனால் நுணுக்கமாகப் பார்த்தால் இயற்கையிலிருந்து கொஞ்சம் விலகும். ஆனாலும் கணக்கின் வடிவம் மாறுவதில்லை. லேயரைப் போட்டு விழுக்காட்டைக் குறைத்துக் கூட்டும் ஓவியர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு வானிலை விதியைப் போட்டுப் பார்க்கிறார்.

ஆகவே அனுபவமுள்ள கை மூடுபனியைக் கடைசியில் ஒரே போர்வையாகப் போர்த்தாது. பின்மரங்களுக்கும் யாளிக்கும் நடுவே ஒரு லேயர், யாளிக்கும் முன்மரங்களுக்கும் நடுவே ஒரு லேயர் என்று செருகிக்கொண்டே வரும். முன்னால் நிற்கும் மரத்தில் மட்டுமே சுத்தமான கருமையை அனுமதிக்கும்.

எத்தனை உயரம்?

யாளி குதிரையளவா, மலையளவா? பக்கத்தில் ஒரு மனிதனை நிறுத்தினால் தெரியும். ஆனால் அதைவிட வலுவான சாட்சி மூடுபனி. யாளியின் முன்பாதம் கருமையாகவும், தோள் கொஞ்சம் சாம்பலாகவும், தலை வானத்தோடு கரைந்தும் இருந்தால், பாதத்துக்கும் தலைக்கும் நடுவே ஏராளமான காற்று இருக்கிறது என்று மூளை கணக்கிட்டுவிடும். 1982இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்தின் தொடக்கத்தில் வரும் பிரம்மாண்ட நகரம் ஒரு சிறிய மாதிரிதான். அதைப் புகை நிரப்பிய அறையில் வைத்துப் படம்பிடித்தார்கள். சில மீட்டர் புகை பல கிலோமீட்டர் காற்றுக்கு ஈடு கொடுத்தது.

உயரத்தைக் கூட்டினால் உடலும் மாற வேண்டும். 1638இல் கலிலியோ வெளியிட்ட நூலில் இதற்கான விளக்கம் உண்டு. விலங்கை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால் எடை ஆயிரம் மடங்காகும். எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குப்பரப்போ நூறு மடங்குதான் கூடும். எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிடப் பத்து மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். அதனால்தான் யானையின் கால்கள் நேரான தூண்களாக இருக்கின்றன. அதனால்தான் யானை வேகமாகப் போகும்போதுகூட நான்கு கால்களும் ஒருசேரத் தரையைவிட்டு எழுவதில்லை. மலையளவு யாளிக்குச் சிங்கத்தின் ஒடுங்கிய இடுப்பையும் பாயும் பின்னங்காலையும் வைத்தால், பார்ப்பவர் கண் அதை மறுபடியும் சிங்கத்தின் அளவுக்குச் சுருக்கிவிடும்.

இல்லாத விலங்கை எப்படி உருவாக்குவது என்றும் லியனார்டோ குறிப்பு எழுதியிருக்கிறார். ஒவ்வோர் உறுப்பும் ஏதாவதொரு நிஜ விலங்கினுடையதாக இருக்கட்டும் என்பது அதன் சாரம்: நாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது, சிங்கத்தின் புருவம், ஆமையின் கழுத்து. நம் சிற்பிகள் யாளியில் செய்ததும் அதுதான். உறுப்புகளைச் சேர்ப்பதோடு வேலை முடியாது, எலும்புக்கூடும் ஒத்துப்போக வேண்டும். முதுகெலும்புள்ள நிலவிலங்குகளுக்கு நான்கு கைகால்களுக்குமேல் கிடையாது. நான்கு காலும் இரண்டு சிறகும் கொண்ட டிராகனுக்கு ஆறாகிவிடுகிறது. ‘தி ஹாபிட்’ படங்களில் வரும் ஸ்மாக் என்ற டிராகனை இறுதி வடிவில் இரண்டு பின்னங்காலோடும், முன்னங்கைகளே சிறகாக மாறிய உடலோடும் அமைத்தார்கள். வௌவாலுக்கும் பண்டைக்காலத்துப் பறக்கும் ஊர்வனவற்றுக்கும் அதே அமைப்புதான்.

தோலுக்குள் போய்வரும் ஒளி

சூரியனைப் பார்த்து நிற்கும் ஒருவரின் காதைப் பின்னாலிருந்து பாருங்கள். சிவந்து ஒளிரும். ஒளி தோலின்மேல் பட்டுத் திரும்புவதோடு நிற்பதில்லை. உள்ளே புகுந்து, சிதறி, வேறோரிடத்தில் வெளிவருகிறது. நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிக்கொள்ள, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. கணினியில் இதை விரைவாகக் கணக்கிடும் முறையை ஹென்ரிக் வான் யென்சனும் அவருடைய கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ‘தி டூ டவர்ஸ்’ படத்தில் கோல்லம் என்ற பாத்திரத்தின் தோலுக்கு உயிர்வந்தது இந்த உத்தியால்தான். அந்தக் கணக்கு 2004இல் ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருதையும் வாங்கித் தந்தது.

கையால் வரைபவருக்குக் கணினியின் கணக்கு தேவையில்லை. யாளியின் காது மடலிலும், துதிக்கை நுனியிலும், விரல்களின் இடைச்சவ்விலும் பின்னொளி படும் இடத்தில் செம்மையைக் கூட்டினால் போதும். வெளிச்சம் நிழலாக மாறும் விளிம்பிலும் மெல்லிய சிவப்பு வேண்டும். அந்த ஒரு கோடு இல்லாவிட்டால் தோல் களிமண்ணாகிவிடும்.

கண்ணிலும் கவனம் வேண்டும். பூனை, மாடு, நாய் ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. மனிதக் கண்ணில் அது இல்லை. அந்தப் படலம் ஒளியை வந்த வழியே திருப்பும். அதனால் விளக்கைப் பிடித்திருப்பவர் கண்ணுக்கே விலங்கின் கண் மின்னும். சூரியன் யாளிக்குப் பின்னால் இருக்கும் நம் படத்தில் கண்கள் ஜொலிக்க இயற்பியலில் இடமில்லை. மின்னத்தான் வேண்டுமென்றால் ஓவியர் அதற்கு ஒரு மந்திரக் காரணம் சொல்லியாக வேண்டும். ஈரத்தில் வானம் பிரதிபலிக்கும் ஒரு சிறு வெண்புள்ளி மட்டும் நியாயமானது.

நிறம் முடிவாவது கண்ணில்

பனிக்குள் நிற்கும் யாளியின் நெற்றியில் ஒரு குங்குமச் சிவப்பு தெரிகிறது என்று வையுங்கள். நிறத்தைப் படித்துக் காட்டும் கலர் பிக்கரை அதன்மேல் வைத்துப் பார்த்தால் மென்பொருள் காட்டுவது பெரும்பாலும் ஒரு மங்கிய சாம்பலாக இருக்கும். சுற்றிலும் நீலச்சாம்பல் இருப்பதால் நடுநிலைச் சாம்பல் நமக்குச் செம்மையாகத் தோன்றுகிறது. பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த மிஷெல் யூஜீன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் இதை முதலில் முறையாக ஆராய்ந்தார். கறுப்பு நூல் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் அதை மங்கலாக்குகிறது என்று கண்டுபிடித்து 1839இல் புத்தகமாக எழுதினார். மூடுபனிப் படத்தில் சுத்தமான சிவப்பை எடுத்துப் பூசினால் அது படத்தைவிட்டுத் துருத்திக்கொண்டு நிற்பதன் காரணம் இதுதான்.

படத்தை விடியலிலிருந்து நிலவொளிக்கு மாற்றினால் கண்ணின் சட்டமே மாறும். மங்கலான ஒளியில் விழித்திரையின் கூம்புச் செல்கள் ஓய்ந்து கோல் செல்கள் வேலைக்கு வருகின்றன. கூம்புகளுக்குக் கூர்மை அதிகமான அலைநீளம் சுமார் 555 நானோமீட்டர். கோல்களுக்குச் சுமார் 507. அதனால் இருட்ட இருட்டச் சிவப்புப் பூக்கள் கறுக்கும், நீலப்பச்சை இலைகள் வெளிச்சமாகத் தெரியும். செக் நாட்டு அறிஞர் புர்கிஞ்ஜே 1819இல் இதைக் கவனித்தார். உண்மையில் நிலவொளி சூரிய ஒளியைவிடக் கொஞ்சம் சிவப்பானது. ஆனாலும் இரவுக் காட்சியை ஓவியர்களும் ஒளிப்பதிவாளர்களும் நீலத்தில் காட்டுவதைக் கண் தன் அனுபவமாகவே ஏற்றுக்கொள்கிறது.

இந்த விதிகள் எதையும் ஓவியர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சென் ரோங்குக்கு ராலேயும் தெரியாது, மீயும் தெரியாது. மழையிலும் மேகத்திலும் பழகிய கண் இருந்தது. விதி தெரிந்தால் கிடைக்கும் லாபம், படம் ஒட்டாதபோது எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிவதுதான்.

வரைய ஆசைப்படும் இளைஞர்களுக்குக் கருவி இன்று தடையில்லை. கிரிட்டா போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சாதாரணக் கணினி போதும். பிரஷ் தொகுப்புகளைச் சேகரிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரிலிருந்து தெரியும் ஒரு மலையையோ, ஒரு பனந்தோப்பையோ, நெடுந்தெருவின் கடைசி வீட்டையோ காலை, உச்சி, மாலை என மூன்று நேரத்தில் கறுப்பு வெள்ளையில் வரையுங்கள். எது முதலில் வெளிறுகிறது, எங்கே கருமை மிஞ்சுகிறது என்று மட்டும் கவனியுங்கள். விலங்கைப் பிறகு வரைந்துகொள்ளலாம். முதல் லேயரில் காற்றை வரையப் பழகுங்கள்.